சொல்தா கில்பர்ட்டின் ஃபைபர் போட்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவரை வில்லியனூர்ப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். கில்பர்ட் சொல்தா பதினாறு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். அதில் பதினாலு வருஷம் பிரான்சில் தூலோன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிடங்கில் உட்கார்ந்து பூட்ஸ் எண்ணினார். கிடங்கின் ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். கப்பலோடு அவருக்கு இருந்த சம்பந்தம் அந்த ஜன்னல் அகலம்தான்.

ஊரில் இந்த விவரம் அவர் மனைவி கிரேஸ் மேரி ஒருத்திக்குத்தான் தெரியும். போன புதிதில் அவர் எழுதிய கடிதங்களை அவள் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். ‘இன்று நாற்பத்திரண்டாம் நம்பர் பூட்ஸ் நானூறு ஜோடி வந்து இறங்கியது. அதில் இடது கால் பூட்ஸ் பதினொன்று கூடுதலாக இருக்கிறது. ஒரே தலைவலி’ என்று ஒரு கடிதம். மற்றதும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ரிட்டயராகி வந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் நடுவில் நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் வாயிலிருந்து பூட்ஸ் போய்க் கப்பல் வந்துவிட்டது. புயலில் மாட்டிய கப்பல், இருட்டில் வழி தவறிய கப்பல், கேப்டனுக்கே வழி சொன்ன கில்பர்ட். கிரேஸ் மேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நிற்பாள். 

ஊருக்கு வந்த முதல் வருஷம் கொல்லையில் திராட்சைக் கொடி நட்டார். அது சித்திரை வெயிலில் கருகிப்போயிற்று. இரண்டாம் வருஷம் பசும்பாலில் பிரெஞ்சு மாதிரி சீஸ் செய்கிறேன் என்று இறங்கினார். மூன்றாம் வாரம் அதைக் குப்பைமேட்டில் கொட்டியபோது காக்கை வந்து பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. மூன்றாவதாக வந்ததுதான் போட்.

எண்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம். ஊசுடு ஏரிக்குப் போகிற வழியில் பச்சையப்பனுக்குக் கரும்புத் தோட்டமும் பம்ப்செட்டும் உண்டு. எப்போதோ ஏரியில் பறவை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஃபைபர் போட்டை அந்தப் பம்ப்செட் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. இரண்டு வருஷம் காத்திருந்த பச்சையப்பன், மூன்றாம் வருஷம் அதை இழுத்து வெளியே போட்டுத் தவிடும் கழுநீரும் ஊற்றி எருமைக்கு வைத்துவிட்டார். பன்னிரண்டு அடி நீளம் இருந்ததால் நாலு எருமை சண்டையில்லாமல் குடித்தன.

சொல்தா அதைப் பார்த்து சைக்கிளை விட்டு இறங்கினார்.

“இன்னா பச்சையப்பா இது, போட்டுல போயி எருமைக்குத் தண்ணி காட்டுற? தூலோன்ல இதப் பார்த்தா ஜெயில்ல போட்டுருவான்.”

“தூலோன்ல எருமை கீதா?” என்று கேட்டார் பச்சையப்பன்.

“அது வேற விஷயம். இத எங்கிட்ட குடு. ஒரே மாசத்துல புதுசாக்கி ஏரியில வுடுறேன்.”

“தூக்கிக்கினு போ. எனக்கு ஒரு சிமெண்ட் தொட்டி கட்டிக் குடுத்துடு. எருமைக்கு அது போதும்.”

இப்படியாக பச்சையப்பனுக்கு நல்ல சிமெண்ட் தொட்டியும், கிரேஸ் மேரி வீட்டுக் கொல்லைக்கு ஒரு ஓட்டைப் படகும் வந்து சேர்ந்தன. டிராக்டர் ட்ரெய்லரில் வந்து இறங்கியபோது அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். அடிப்பக்கம் முழங்கை நீளத்துக்கு விரிசல். ஓர் எருமை உள்ளே காலை வைத்த இடத்தில் தட்டு அகலத்துக்கு ஓட்டை. பின்பக்கப் பலகை உளுத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே ஐந்தாறு வருஷத் தவிடும் பாசியும் ஏடு கட்டியிருந்தது.

“இதுல ஓட்டை கீதுங்க,” என்றாள்.

“ஓட்டை இல்லாத போட்ட ரிப்பேர் பண்ண முடியுமா?” என்றார் சொல்தா. 

மறுநாள் டவுனுக்குப் போய், ரெசின் ஒரு டின், ஹார்டனர் ஒரு கேன், கண்ணாடி நாரில் செய்த வெள்ளைப் பாய் ஒரு சுருட்டு என்று வாங்கிவந்தார். ரெசின் தேன் மாதிரி இருக்கும். ஹார்டனர் தண்ணீர் மாதிரி இருக்கும். இரண்டையும் கலந்து நார்ப் பாயில் பூசினால் கல்லாகிவிடும். கடைக்காரர், ஹார்டனர் சொட்டுக் கணக்கில்தான் விடவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கடையில் வேலை செய்கிறவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? சொல்தா ஒரு டம்ளர் ரெசினுக்கு அரை டம்ளர் ஹார்டனர் விட்டார். கலக்கியது கிரேஸ் மேரியின் கல்யாணச் சீர் வரிசையில் வந்த எவர்சில்வர் சொம்பில்.

அவள் அடுக்களையில் இருந்தாள். வெளியே இருமல் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தால் சொம்பிலிருந்து தூபக்கால் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. சொல்தா அதைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். சூடு தாங்காமல் பாதியில் கீழே போட்டார். சொம்பு உருண்டது, ஆனால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உள்ளே இருந்தது பாறையாகியிருந்தது. நடுவில் பிரஷ் நட்டுக்குத்தலாக நின்றது.

“ரொம்ப ஸ்ட்ராங்கான ரெசின்,” என்றார் சொல்தா, கையை ஊதிக்கொண்டே.

ஜாக்கிரதைப்பட்டு, அடுத்த முறை ஹார்டனரைக் கண்ணில் காட்டியதோடு சரி. தவிட்டையும் பாசியையும் மேலாகக் கழுவிவிட்டு, அதன்மேல் நார்ப் பாயை விரித்து ரெசினைப் பூசினார். அது ஒன்பது நாள் காயவில்லை. முதல் நாள் ஈ ஒட்டியது. மூன்றாம் நாள் காற்றில் வேப்பஞ்சருகு வந்து ஒட்டியது. ஐந்தாம் நாள் ஒரு பெட்டைக்கோழி ஏறி உட்கார்ந்து, இறங்குகிறபோது வால் இறகு முக்காலையும் விட்டுவிட்டு இறங்கியது. பத்தாம் நாள் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது மொத்த ஒட்டும் நமுத்த அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது.

ஒரு மாசத்தில் ஏரியில் விடுவதாகச் சொல்லி மூன்று மாசமாகியிருந்தது. கோயில் வாசலில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். “அவசரப்படக் கூடாது. பிரான்சுல ஒரு கப்பலுக்கு ஏழு வருஷம் எடுத்துப்பான்,” என்றார் சொல்தா. கிரேஸ் மேரி வழக்கம்போல முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அதுவரை அவளுக்கு நஷ்டம் ஒரு சொம்புதான்.

அவளுடைய பொறுமை கெட்டது அக்டோபரில். சனிக்கிழமைதோறும் கோயில் பீடத் துணியையும் பங்குச் சாமியாரின் பூசை அங்கியையும் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பது அவள்தான். அதற்கு யாரும் கூலி தருவதில்லை. ஆனால் பங்கு ஜனங்கள் நடுவில் அது பெரிய மரியாதை. லூசி என்று ஒருத்தி அந்த வேலைக்காகப் பத்து வருஷமாகக் காத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை சொல்தா நாள் முழுக்க உப்புத்தாளால் ஃபைபரைத் தேய்த்தார். உடம்பெல்லாம் கண்ணாடித் தூள். குளித்துவிட்டு லுங்கியைக் கொண்டுபோய், அவள் அங்கியை ஊறவைத்திருந்த அண்டாவிலேயே போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பூசையில் பங்குச் சாமியார் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். இரண்டு நிமிஷத்தில் கழுத்தைச் சொறிந்தார். பிறகு தோளை. பிறகு, பீடத்தில் நிற்கிற குருவானவர் சொறியக்கூடாத இடத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு சொறிந்தார். பூசைக்கு உதவி செய்கிற கோயில்பிள்ளை சவரிராயன் எறும்போ என்று குனிந்து தேடினார். அங்கி பட்ட அவர் கையும் அரிக்க ஆரம்பித்தது. முக்கால் மணி நேரப் பிரசங்கம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். கிரேஸ் மேரி மட்டும் முழந்தாளிலேயே இருந்தாள்.

சாயங்காலம் சாமியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. “உன் வூட்டுக்காரரு அந்த போட்ட முடிக்கிற வரைக்கும் லூசி துவைக்கட்டும்மா,” என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் மீன்கூடையோடு தனக்கொடி வந்தாள். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வந்து வீடுவீடாக மீன் விற்கிறவள். கடற்கரையில் ஃபைபர் படகுகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அவள் மகன் தணிகைவேல் அந்தப் படகுகள் கட்டுகிற பட்டறையில்தான் வேலையாக இருந்தான். கிரேஸ் மேரி கூடையில் இருந்த சங்கரா மீனைக்கூடப் பார்க்காமல், அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டைக் காட்டினாள்.

தனக்கொடி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இன்னாக்கா இது, அழுக்கு மேலயே பூசிகீறாரு. இரு, எம் மவனாண்ட கேட்டுக்கினு வரேன்.”

சொல்தாவிடமும் அவள் நல்ல மனசோடு அதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் அவளைக் கூடையிலிருந்து கால்வரை பார்த்தார். “நான் தூலோன்ல இருந்தவன்மா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மீன்காரி சொல்லிக் கப்பல் கட்டினான் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாதே.

அப்போது கிரேஸ் மேரிக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு நாள் கழித்து, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே. தூலோன்ல ஒட்டுப் போடுறதுக்கு முன்னாடி பழைய பெயிண்டு, பாசி எல்லாத்தையும் வெள்ளையா நாரு தெரியிற வரைக்கும் தேய்ச்சு எடுப்பாங்கன்னு. நல்லாக் காய வச்சுத்தான் கை வைப்பாங்கன்னு.”

சொல்தா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார். அப்படி ஒன்றை அவர் ஆயுளில் சொன்னதில்லை. அவள் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆமா, சொன்னேன்,” என்றார்.

“எனக்கு மறந்தே போச்சு. நீங்க ஏன் இன்னும் அப்படிச் செய்யல?”

“நாளைக்கு செய்யலாம்னுதான் இருந்தேன்.”

அதற்குப் பிறகு பட்டறையில் தணிகைவேல் சொல்வது தனக்கொடியின் கூடையோடு வில்லியனூர் வந்து, கிரேஸ் மேரியின் அடுக்களையில் தூலோனாக மாறி, சொல்தாவின் இலையில் விழுந்தது. ஒரு டம்ளருக்கு இத்தனை சொட்டுதான் என்று தூலோனில் எண்ணி விடுவார்கள். ஓட்டையைச் சுற்றி ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, சின்னத் துண்டு, அதன்மேல் பெரிய துண்டு என்று அடுக்கடுக்காகப் பாய் போடுவார்கள். உளுத்த பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பலகை வைத்து, மரம் தெரியாமல் மூடுவார்கள். உப்புத்தாள் போடுகிறபோது தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்ப்பார்கள், தூள் பறக்காது. அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பார்கள். கடைசியில் சொன்ன இரண்டும் பட்டறையிலிருந்து வந்தவை அல்ல. அவளே சேர்த்துக்கொண்டது.

சொல்தா ஒவ்வொன்றுக்கும் “ஆமா, சொன்னேன்” என்றார். நாளாக ஆக, சொன்னது நிஜமாகவே ஞாபகம் வர ஆரம்பித்தது. சில நாள், தனக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஆபீசரின் பேரைக்கூடச் சொன்னார்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனுஷர் உழைத்தார். மழைக்காலம் முழுக்க ஓலைப் பந்தலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, வெள்ளை நார் தெரிகிறவரைக்கும் தேய்த்தார். சொட்டு எண்ணுகிறபோது அவர் உதடு அசைவதைக் கிரேஸ் மேரி பார்த்தாள். பதினாலு வருஷம் எண்ணின கை அல்லவா, ஒரு சொட்டு தப்பவில்லை. கார்த்திகை முடிகிறபோது ஒட்டுக் கல்லுமாதிரி நின்றது. தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைத்தார்கள். ஒழுகவில்லை. வெளியே நீலமும் உள்ளே வெள்ளையும் அடித்தபோது, எருமையே வந்தாலும் அடையாளம் கண்டிருக்காது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏரியில் விடுவதாக ஏற்பாடு. ஊசுடு ஏரி கரைமட்டும் நிறைந்திருந்தது. பாதி ஊர் திரண்டுவந்தது. பச்சையப்பன் தன் டிராக்டரிலேயே போட்டைக் கொண்டுவந்து இறக்கினார். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். லூசி துவைத்த அங்கியைத்தான் போட்டிருந்தார் என்பதைக் கிரேஸ் மேரி கவனித்தாள். கஞ்சி சரியாக ஏறவில்லை.

சொல்தா கோட்டுப் போட்டு மெடல் குத்தியிருந்தார். தலையில் பட்டாளத் தொப்பி. போட்டுக்குள் உட்காரும் பலகைக்குக் கீழே ஒரு சாக்குப்பை வைத்திருந்தார். அதில் மிச்ச ரெசின் டின்னும், ஹார்டனரும் இருந்தன. கேன் ஓட்டையானதால் ஹார்டனரை ஒரு காலி பிராந்தி பாட்டிலில் ஊற்றியிருந்தார். நடுத்தண்ணீரில் ஏதாவது ஆனால் அங்கேயே ரிப்பேர் செய்யவேண்டும், தூலோனில் அதுதான் வழக்கம் என்று சாமியாருக்கு விளக்கினார். பிறகு கரையோரத் தண்ணீரில் இறங்கி, ஒரு காலை உள்ளே வைத்தார்.

போட் லேசாக ஆடியது. அவர் காலை எடுத்துவிட்டார்.

“காத்து சரியில்ல,” என்றார்.

“நல்லாத்தானபா கீது,” என்றார் பச்சையப்பன்.

சொல்தா விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். மறுபடி காலை வைத்தார். மறுபடி போட் ஆடியது, மறுபடி எடுத்தார். கூட்டத்தில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள். அவர் ஒரு கையால் கரையோர நாணலைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கிரேஸ் மேரி பார்த்தாள்.  ஊர் திரும்பினதிலிருந்து கடல் கதை சொன்ன மனுஷருக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடிதத்தில்கூட அவர் அதை எழுதியதில்லை.

அவளுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அதைவிட அதிகமாக, லூசி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கோபம் வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

“அவருக்கு நேத்துலேர்ந்து முட்டி வலி. நான் ஒரு சுத்து பார்த்துட்டு வரேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, போட்டின் நடுவில் கால் வைத்து ஏறி உட்கார்ந்து, இரண்டு துடுப்பையும் எடுத்தாள்.

அவள் பாகூர்க்காரி. அவள் அப்பா பாகூர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். பத்து வயசிலிருந்து பனந்தோணியில் வலை இழுக்கப் போனவள் அவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. வீட்டில் எப்போதும் தூலோன்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு வலிப்பில் போட் கரையை விட்டுப் போயிற்று. ஒரு பக்கமும் சாயவில்லை, ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கரையில் கைதட்டினார்கள். திரும்பலாம் என்று ஒரு துடுப்பை நிறுத்தினபோது, தண்ணீர்மேல் சொல்தாவின் குரல் தெளிவாக வந்தது.

“எல்லாம் என் ட்ரெயினிங் சாமி. ஆறு மாசமா சொல்லிக் குடுத்தேன். முதல்ல ரொம்பப் பயந்தா.”

கிரேஸ் மேரி நிறுத்தின துடுப்பை மறுபடி போட்டாள். திரும்பவில்லை. தை மாசத்து வாடைக்காற்று போட்டைத் தள்ளிக்கொடுத்தது. கரையில் அவர் கையை ஆட்டுவது தெரிந்தது. முதலில் தமிழில் கூப்பிட்டார், பிறகு பிரெஞ்சில் கட்டளை போட்டார், பிறகு சைக்கிளைத் தேடி ஓடினார். தண்ணீரில் மிதந்த நாமக்கோழிகள் சிதறி விலகின. முக்கால் மணி நேரம் வலித்து எதிர்க்கரையில் சேற்றில் போட்டை ஏற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கை கொப்பளித்திருந்தது. மனசு லேசாக இருந்தது.

எதிர்க்கரை தமிழ்நாடு. அங்கே அப்போது சாராயத்துக்குத் தடை. இந்தப் பக்கம் பாண்டிச்சேரியில் தெருவுக்குத் தெரு கடை. சைக்கிள் ட்யூப்பிலும் பூசணிக்காய்க்குள்ளும் சரக்குப் போவதைப் பார்த்துப் பழகின சுப்புராயன் என்ற போலீஸ்காரர் புளியமரத்தடியில் நின்றிருந்தார். ஒரு பொம்பளை புத்தம்புதுப் போட்டில் பட்டப்பகலில் எல்லை தாண்டி வருவதைப் பார்த்ததும் அவர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். சாக்குப்பைக்குள் கைவிட்டதும் முதலில் வந்தது பிராந்தி பாட்டில்.

“இன்னாம்மா சரக்கு இது?”

“அது குடிக்கிறதில்ல சார். கெட்டியாக்குறது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.” மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “யப்பா, செம ஸ்ட்ராங்கு. யாருது இந்த போட்டு?”

அந்த நேரத்தில்தான் சொல்தா கரையைச் சுற்றிச் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். மெடல் கோட்டின் முதுகுப்பக்கம் போயிருந்தது. போலீஸ்காரரையும் அவர் கையிலிருந்த பாட்டிலையும் பார்த்தார்.

“நீங்க யாரு? போட்டு உங்களுதா?” என்றார் சுப்புராயன்.

எட்டு மாசமாக என் போட், என் போட் என்று ஊரைக் கூட்டினவர். “இல்லீங்க சார்,” என்றார். “அவுங்களுது.”

கிரேஸ் மேரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவர் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்,” என்றாள். “என்னுதுதான். இப்படி உக்காருங்க, அது இன்னான்னு காட்டுறேன்.”

மரத்தடியில் கிடந்த ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தாள். டின்னைத் திறந்து கொஞ்சம் ரெசின் ஊற்றினாள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டாள். குச்சியால் கலக்கி, போலீஸ்காரருக்கு முன்னால் வைத்தாள். சுப்புராயன் வாட்சைப் பார்ப்பதும் கொட்டாங்குச்சியைப் பார்ப்பதுமாக இருந்தார். கால் மணி நேரத்தில் அது கூழாயிற்று. அரை மணியில் கொட்டாங்குச்சி சுட்டது. கிரேஸ் மேரி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். எதுவும் விழவில்லை. லத்தியால் தட்டிப் பார்த்தார், ணங்கென்றது.

“இதக் குடிச்சா இன்னா ஆவும்?” என்று கேட்டார், பாட்டிலைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு.

“உள்ளுக்குள்ள சிலையாயிடுவீங்க சார்.”

சுப்புராயன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, கையைப் பேண்ட்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். “எங்க ஊட்ல தண்ணித் தொட்டி ஒழுவுது. இத அதுக்குப் போடலாமா?” என்று விசாரித்தார். அவள் பழசை நன்றாகச் சுரண்டி, காயவைத்துப் போடச் சொன்னாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் சொல்தா தொண்டையைக் கனைத்தார். “போலீஸ்னதும் வாயி கொழறிப் போச்சு.”

“சைக்கிள போட்டுல ஏத்துங்க,” என்றாள் கிரேஸ் மேரி. “எதிர்காத்து. ஒருத்தியா வலிக்க முடியாது. ஆளுக்கு ஒரு துடுப்பு.”

“நானா?”

“இங்க யாரும் பார்க்கல. பயப்படுறதுன்னா பயப்படலாம்.”

அவர் ஏறின விதத்தை விவரிக்க வேண்டாம். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, முழங்கால் போட்டு, ஒரு பூட்ஸைச் சேற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஏறினார். இருவரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு வலி வலித்தால் அவர் கால் வலி வலித்தார். போட் அவர் பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போயிற்று. இரண்டு தரம் புறப்பட்ட கரைக்கே வந்து முட்டியது. மூன்றாம் தரம் அவள் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை வந்ததும் அவர் கை தானாகச் சேர்ந்துகொண்டது.

நடு ஏரியில் அவர் கேட்டார். “நீ எங்கடி கத்துக்கின இத?”

“பாகூர்ல. எங்கப்பா ஏரி குத்தகை எடுத்தாரு.”

இன்னும் நாலு வலி வலித்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?”

அவர் நிஜமாகவே யோசித்தார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. “தூலோன்ல வேற மாதிரின்னு சொல்லியிருப்பேன்,” என்றார்.

கிரேஸ் மேரி சிரித்துவிட்டாள். எண்ணிக்கை தப்பி, போட் அரை வட்டம் சுற்றியது. சிரித்து முடித்துத் திருப்பிக்கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று.

வெயில் தாழ்கிற நேரத்தில் கரை சேர்ந்தார்கள். கூட்டம் எப்போதோ கலைந்திருந்தது. பச்சையப்பன் மட்டும் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “இன்னா சொல்தா, எப்படி இருந்துச்சு?” என்றார்.

சொல்தா வாயைத் திறந்தார். கிரேஸ் மேரி கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“கை வலிக்குதுபா,” என்றார்.

அந்த அடக்கம் ஒரு வாரம் தாங்கியது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், தமிழ்நாட்டுப் போலீஸ் படையைத் தனியாளாகச் சமாளித்த கதை ஆரம்பமாயிற்று. படையில் முதலில் ஆறு பேர் இருந்தார்கள். பாதிக் கதையில் பத்துப் பேரானார்கள். கேட்க நின்றது கோயில்பிள்ளை சவரிராயனோடு சேர்த்து மூன்று பேர். போட்டு முடிந்துவிட்டதே, சனிக்கிழமையிலிருந்து நீயே துணி துவைத்துக் கொடு என்று பங்குச் சாமியார் கிரேஸ் மேரியிடம் சொல்லிப் பார்த்தார். லூசியே துவைக்கட்டும், தனக்கு இனி சனி, ஞாயிறு இரண்டிலும் வேலை இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். துடுப்பு இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு சொல்தாவைத் தாண்டி அவள் ஏரிப்பக்கம் நடந்தபோது, பூசைக்கு வந்த பொம்பளைகளும் பிள்ளைகளும் போட்டில் ஏற அங்கே ஏற்கனவே வரிசையில் நின்றிருந்தார்கள். முதல் ஆளாக நின்றது லூசி.